சிறுபத்திரிகையின் இணையதளத்தை நடத்தும் மென்பொருளாக வேர்ட்பிரஸா, துருப்பலா (Drupal)? வடிவமைப்பு முதலிலா, மென்பொருள் முதலிலா?

இரண்டுக்கும் முன்னால் உள்ளடக்கம். கதை, கட்டுரை, நேர்காணல், எழுத்தாளர் பக்கம் என்று உங்களிடம் என்னென்ன வகைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் என்னென்ன புலங்கள் (தலைப்பு, எழுத்தாளர் பெயர் போன்ற விவரங்களை நிரப்பும் தனித்தனி இடங்கள்) வேண்டும் என்று தாளில் எழுதிவிடுங்கள். இதழ் எண்ணைத் தலைப்புக்குள் தட்டச்சு செய்யாமல் தனிப் புலமாக வைத்தால்தான் பின்னாளில் இதழ்வாரியாகப் பிரித்துக் காட்ட முடியும்.

இரண்டு மூன்று பேர் நடத்தும் இதழுக்கு என் தேர்வு வேர்ட்பிரஸ்தான். 2010இல் வந்த 3.0 பதிப்பிலிருந்தே சொந்த உள்ளடக்க வகைகளை எளிதாக உருவாக்கலாம். பல மொழிகள், பல அடுக்கு அனுமதிகள் என்றால் துருப்பல் பொருந்தும். ஆனால் பராமரிக்க நிரலர் ஒருவர் வேண்டும்.

தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. வேர்ட்பிரஸ் பக்க முகவரிக்கு 200 எழுத்துகள்தான் இடம் தருகிறது. முகவரியில் தமிழ் யூனிகோடு குறி (கணினி எழுத்தைச் சேமிக்கும் அலகு; ‘க’ ஒரு குறி, ‘கி’ இரண்டு குறி) ஒவ்வொன்றும் ஒன்பது எழுத்தாக விரியும். 22 குறிகளிலேயே இடம் தீர்ந்து, நீண்ட தலைப்பு பாதியில் வெட்டுப்படும். அதனால் முகவரியை ரோமன் எழுத்தில் சுருக்கமாக நீங்களே கொடுங்கள்.

அப்புறம் வடிவமைப்பு. மாதிரி வாசகம் வேண்டாம், உங்கள் இதழின் மிக நீளமான தலைப்பையே வைத்துப் பாருங்கள். ஆங்கிலத்துக்குச் செய்த தீம்களில் (ஆயத்த வடிவமைப்புகளில்) தமிழ் வரிகள் நெருக்கியடிக்கும். வரி உயரத்தை எழுத்தளவின் 1.7 மடங்காகக் கூட்டுங்கள்.