கேப் டவுனா, டர்பனா? படகு வாங்குமுன் காற்றைப் பாருங்கள்

கேள்வி: அக்கா, ஜொகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில் கணினி வேலை பார்க்கிறேன். இனி எந்த ஊரிலிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்ள வெகுநாளாக ஆசை. பையனுக்குப் பதினொரு வயது, அவனும் தயார். கேப் டவுனுக்குக் குடிபோகலாம் என்று இருக்கிறேன். அங்கே ஒருவர் 23 அடிப் பழைய படகை டிரெய்லரோடு தருகிறார். மனைவி டர்பன் என்கிறாள், அவளுக்கு உறவும் கோவிலும் அங்கே. படகை இப்போதே பேசி முடிக்கட்டுமா? – வாசகர், மிட்ராண்ட்

பதில்: முடிக்காதீர்கள் தம்பி. ஊரே முடிவாகவில்லை, அதற்குள் படகா? எந்தத் தண்ணீரில் ஓட்டப்போகிறோம் என்று தெரிந்த பிறகுதான் எந்தப் படகு என்ற பேச்சு.

கேப் டவுன் படத்தில் அழகு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே கோடை முழுக்கத் தென்கிழக்குக் காற்று. ஊர் அழுக்கையெல்லாம் அள்ளிக்கொண்டு போவதால் ‘கேப் டாக்டர்’ என்று பேர். மேஜை மலையின் விளிம்பில் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்ட மாதிரி மேகம் வழிந்தால் டாக்டர் வந்துவிட்டார் என்று அர்த்தம். 30 நாட், அதாவது மணிக்கு 55 கிலோமீட்டர், அங்கே அதிசயமே இல்லை. இன்னொன்று: இந்தக் காற்று மேல்தண்ணீரைக் கடலுக்குள் தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். அதனால் அட்லாண்டிக் பக்கம் வெயில் கொளுத்துகிற நாளில்தான் தண்ணீர் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும். கற்றுக்கொள்கிறவர் ஒரு நாளில் நாலு தடவை கவிழ்வார். பதினொரு வயதுப் பையனை வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) இல்லாமல் அதில் இறக்க முடியாது. ஊரின் மறுபக்கம், ஃபால்ஸ் பே விரிகுடாவில் கொஞ்சம் இதமாக இருக்கும். பழகுகிறவர்களுக்கு சாண்ட்வ்லெய், சீக்குவ்லெய் போன்ற ஏரிகள் உண்டு. ஆனால் கழிவுநீர் கலந்து அவற்றை மூடிய காலமும் உண்டு. போகிற வாரம் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கு லாங்கபான் காயல் சொர்க்கம். உங்களுக்கு இன்னும் இல்லை.

டர்பன் என் ஊர், அதனால் ஓரவஞ்சனை இருக்கும், தள்ளிப் படியுங்கள். இங்கே முதல் நாள் துறைமுகத்தில் கவிழ்ந்தபோது தண்ணீர் ஆறிப்போன ரசம் மாதிரி இருந்தது. பயம் பாதி அங்கேயே போய்விட்டது. தமிழ் ஊர்களில் மீனவர்கள் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பிரித்து வைத்திருப்பார்கள் இல்லையா, டர்பனில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும்: வடகிழக்கு, தென்மேற்கு. வடகிழக்கு இரண்டு நாள் அடித்து, திடீரென்று சத்தம் அடங்கிப் புழுங்கினால் கரைக்குத் திரும்பிவிடுங்கள். தென்மேற்கு சொல்லாமல் வரும், வரும்போதே முழு வேகம். துறைமுகத்துக்குள் சரக்குக் கப்பல்களின் வழியில் குறுக்கே போகக் கூடாது. ஓதம் இறங்கினால் மணல் திட்டு தட்டும். துறைமுக வாய்க்கு வெளியே கடலுக்குப் போகிற ஆசை முதல் இரண்டு வருஷம் வேண்டாம். அங்கே அகுல்யாஸ் நீரோட்டம் தெற்கே ஓட, தென்மேற்குக் காற்று அதை எதிர்த்து அடிக்கும்போது பெரிய கப்பலே தடுமாறும்.

ஒரு பழைய கதை. 1961-ல், நிறவெறி ஆட்சியில், இந்தியருக்கென்று ஆரம்பித்த கல்லூரி இந்தத் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில்தான் இருந்தது. நம் பெரியவர்கள் இந்தத் தண்ணீரில் படகேறியது வகுப்புக்குப் போக. பாய்மரக் கிளப்புகள் அன்று நமக்கில்லை. இன்று கதவு திறந்திருக்கிறது, போய்த் தட்டுங்கள்.

டர்பனில் கடல் சரியில்லாத வாரம் சுமார் 100 கிலோமீட்டரில் மிட்மார் அணை இருக்கிறது: நல்ல தண்ணீர், கப்பல் இல்லை, ஓதம் இல்லை. எனக்கு டர்பனைப் பிடிக்க இதுவே பெரிய காரணம்.

ஆனால் இப்போதே வீடு மாற்ற என்ன அவசரம்? உங்களுக்கு வால் அணை காரில் போய்வருகிற தூரம்தான். ஒரு பருவம் அங்கே கிளப் படகில் பழகுங்கள். கோடை மதியம் இடி கறுத்தால் உடனே கரையேறுங்கள். நடுத்தண்ணீரில் அலுமினியக் கம்பத்தின் கீழ் உட்கார்ந்திருக்கிற நேரமில்லை அது. ஆறு மாதம் கழித்தும் சனிக்கிழமை காலை பையன் தானே எழுந்தால், வீடு பாருங்கள்.

அந்த 23 அடி? அது இழுவை வண்டி, நிறுத்துமிடக் கட்டணம், காப்பீடு, அடிப்பாகம் சுரண்டிப் பெயின்ட் என்று மாதாமாதம் வாய் திறக்கும். பையனுக்கு ஆப்டிமிஸ்ட் என்கிற சின்னப் பாய்மரப் படகு, வளர்ந்ததும் டாப்சிக் என்கிற படகு. இரண்டு பேர் தூக்கி மணலில் வைக்கிற படகு டாப்சிக், இந்த நாட்டிலேயே உருவானது. உங்களுக்கு கிளப் படகு போதும்.

கேள்வி: தனியாரிடம் பழைய டிங்கி (சின்னப் பாய்மரப் படகு) வாங்கினேன். ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’, அதாவது ‘இருக்கிறபடியே’ என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார். இப்போது பாய்மரத்தைச் சுற்றித் தளம் மெத்தென்று அமுங்குகிறது. பணம் திரும்ப வருமா? – வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: கடையில் வாங்கியிருந்தால் 2008-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் பழுதுபார்க்கவோ, மாற்றவோ, பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். தன் சொந்தப் படகை ஒரு தடவை விற்கிறவரை அது கட்டுப்படுத்தாது. ‘இருக்கிறபடியே’ என்று விற்றால் இருக்கிறபடியேதான். முக்கியமான விலக்கு: பழுது தெரிந்தே மறைத்திருந்தால் அந்த வார்த்தை அவரைக் காப்பாற்றாது, ஆனால் நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரப் படம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். தொகை சின்னதென்றால் சிறு வழக்கு நீதிமன்றம். அங்கே வக்கீலை அழைத்துப் போகவே முடியாது, செலவு மிச்சம்.

அடுத்த தடவை ஐந்து ரேண்ட் காசு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு தளம் முழுக்கத் தட்டுங்கள். நல்ல இடம் ‘டக்’ என்னும். நீர் ஊறிய இடம் ‘தப்’ என்று செத்த சத்தம் போடும். விலை பேசுவது அதற்கப்புறம்.