எஞ்சின் மாத்தின காருக்கு சர்ஜ் டேங்க்: உங்க கேள்வியும் என் பதிலும்

கார்புரேட்டர் காலத்து வண்டியில இன்ஜெக்‌ஷன் எஞ்சினை இறக்கினவங்க நிறைய பேரு கடைசியா ஒரே இடத்துல வந்து நிக்கிறாங்க. வளைவுல எஞ்சின் ஒரு நொடி மூச்சு விட மறந்து, அப்புறம் உதறிக்கிட்டு எழும்பும். டேங்க்ல பெட்ரோல் ஒரு பக்கமா ஒதுங்கி பம்ப் காத்தை இழுக்குறதுதான் காரணம், இதைத்தான் சர்ஜ்னு சொல்றது. மெயின் டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவுல எப்பவும் நிரம்பியிருக்குற ஒரு சின்ன பெட்ரோல் டேங்கை வச்சா இது நிக்கும், அதுதான் சர்ஜ் டேங்க். மெயின் டேங்க்ல இருந்து லிஃப்ட் பம்ப் அதை நிரப்பும், அதுல இருந்து ஹை பிரஷர் பம்ப் எஞ்சினுக்கு அனுப்பும். இதுவரைக்கும் மூணு வண்டிக்கு என் கையாலயே செஞ்சு மாட்டியிருக்கேன். அதைப் பத்தி வந்த கேள்விகளுக்கு இங்க பதில் சொல்றேன்.

கேள்வி: அண்ணா, பழைய எஞ்சின் இருந்தப்ப இதே டேங்க்ல கால்வாசி பெட்ரோலை வச்சுக்கிட்டே எந்த வளைவுலயும் பிரச்சனையில்லாம ஓட்டினேன். இன்ஜெக்‌ஷன் எஞ்சினுக்கு மட்டும் ஏன் ஒத்துவரலை?

தம்பி, உங்க பழைய எஞ்சின்ல ஏற்கெனவே ஒரு சர்ஜ் டேங்க் இருந்துச்சு. கார்புரேட்டரோட மிதவைக் கிண்ணம்தான் அது. பம்ப் நடுவுல கொஞ்சம் காத்தை இழுத்து அனுப்பினாலும் அந்தக் காத்து கிண்ணத்தோட மேல் துளை வழியா வெளிய போயிடும். கிண்ணத்துல மிச்சமிருக்குற பெட்ரோல்ல எஞ்சின் அந்த நொடியைத் தாண்டிடும்.

இன்ஜெக்‌ஷன்ல அந்தக் கிண்ணம் கிடையாது. பம்ப், ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரிச்சுக் கொடுக்குற குழாய்), இன்ஜெக்டர், எல்லாம் மூடின பாதை. பம்ப் ஒரு வாய் காத்தைக் குடிச்சா 3 பார் இருக்க வேண்டிய அழுத்தம் அப்படியே சரியும். எஞ்சினை ஓட்டுற கம்ப்யூட்டரான ஈசியூவுக்கு அது தெரியாது, வழக்கமான நேரத்துக்குத்தான் இன்ஜெக்டரைத் திறக்கும். பெட்ரோல் குறைஞ்சு கலவை லீன் ஆயிடும். மெதுவா போறப்ப இது வெறும் இருமல். முழு த்ராட்டில்ல, அதுவும் டர்போ எஞ்சின்ல, நாக்கிங் (கலவை நேரம் தப்பித் தானா வெடிக்குறது) வந்து பிஸ்டன் தலை போயிடும். இன்ஜெக்‌ஷனோட பிறந்த வண்டிகள்ல டேங்குக்குள்ள பம்பைச் சுத்தி ஒரு வாளி, தடுப்புத் தகடு ஏதாவது ஒண்ணு இருக்கும். உங்க பழைய டேங்க்ல வெறும் குழாய் மட்டும்தான் தொங்குது.

கேள்வி: சார், எனக்கு 6000 ஆர்பிஎம் கிட்ட பவர் விழுது. சர்ஜ் டேங்க் போட்டா சரியாகுமா?

ஆகாதுன்னுதான் தோணுது. செலவு பண்றதுக்கு முன்னாடி ஃபியூல் பிரஷர் சென்சர் ஒண்ணை மாட்டி, ஓடும்போது அழுத்தம் எப்படி மாறுதுன்னு பதிவு (லாக்) எடுத்துப் பாருங்க. அது இல்லாம இதைக் கண்டுபிடிக்கப் பாக்குறது இருட்டுல ஊசி தேடுற கதைதான்.

நேர் ரோட்டுல ஆர்பிஎம் ஏற ஏற அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கினா, பம்ப் பத்தலை, இல்ல ஃபில்டர் அடைச்சிருக்கு, இல்ல பம்புக்கு வோல்டேஜ் போய்ச் சேரலை. மல்டிமீட்டரை பம்போட முனையிலயே வச்சுப் பாருங்க, பேட்டரியில 13.8 இருந்து பம்ப்ல 11 வந்தா குற்றவாளி வயர்தான். அழுத்தக் கோடு ரம்பப் பல் மாதிரி திடீர்னு விழுந்து திடீர்னு ஏறி, அதுவும் ஒரு பக்கம் திரும்பும்போதோ பிரேக் அடிச்சு முடிச்ச உடனேயோ மட்டும் வந்தா, அது சர்ஜ். டேங்கை முழுக்க நிரப்பி அதே வளைவை மறுபடி எடுங்க. விழுறது நின்னுட்டா சந்தேகமே வேண்டாம்.

கேள்வி: எத்தனை லிட்டர் வச்சா போதும்? 5 லிட்டர்ல செய்யலாம்னு இருக்கேன்.

வேண்டாம். கணக்கு இதுதான்: டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் முழு பவர்ல ஒரு குதிரைத்திறனுக்கு நிமிஷத்துக்குச் சுமாரா 5 சிசி குடிக்கும். 200 குதிரைத்திறன்னா நிமிஷத்துக்கு 1 லிட்டர். 5 நொடி நீளமான வளைவுல நூறு சிசி கூட செலவாகாது. அப்போ ஒரு லிட்டரே தாராளம்தான். ஆனாலும் நான் 2 லிட்டர் வைக்கிறேன். எஞ்சின்ல மிஞ்சித் திரும்பி வர்ற பெட்ரோல்ல (ரிட்டர்ன்) இருக்குற குமிழ் மேல ஏறிப் பிரியுறதுக்கு நேரமும் உயரமும் வேணும், ரொம்பச் சின்ன டேங்க்னா பெட்ரோலும் சீக்கிரம் சூடாயிடும். 5 லிட்டர் வச்சா காருக்குள்ள கூடுதலா 5 லிட்டர் பெட்ரோலைத் தூக்கிட்டுப் போறீங்க, வேற பலன் இல்லை. டர்போவா இருந்தா, எத்தனால் அதிகமா கலந்த எரிபொருளா இருந்தா, செலவு கூடும்னு கணக்குல ஏத்திக்கோங்க.

10 செமீ உள்விட்டமும் 25 செமீ உயரமும் உள்ள உருளைக் குழாய் கிட்டத்தட்ட 2 லிட்டர் பிடிக்கும். குட்டையா அகலமா செய்யாதீங்க, ஒல்லியா உயரமா செய்யுங்க.

கேள்வி: எந்தக் குழாய் எங்க வரணும்? படத்துக்குப் படம் வேற மாதிரி இருக்கு.

இதுலதான் எல்லாமே இருக்கு, பொறுமையா படிங்க. வாய் மொத்தம் நாலு. லிஃப்ட் பம்ப்ல இருந்து வர்றது, ஹை பிரஷர் பம்புக்குப் போறது, ரெயில் அழுத்தத்தை நிலையா வச்சு மிச்சத்தைத் திருப்பி விடுற ரெகுலேட்டர்ல இருந்து வர்ற ரிட்டர்ன், நிரம்பி வழியுறதையும் காத்தையும் மெயின் டேங்குக்கே அனுப்புற ஓவர்ஃப்ளோ.

ஹை பிரஷர் பம்புக்குப் போறது அடியில, இருக்கறதுலயே பெரிய வாய். பம்பும் டேங்குக்குக் கீழ இருக்கணும், பெட்ரோல் தானா இறங்கி வரணும். இந்த வகை பம்ப் தள்றதுல கெட்டி, உறிஞ்சுறதுல சோதா. லிஃப்ட் வர்றதும் ரிட்டர்னும் மேல்பாதியில, சுவரை ஒட்டிச் சாய்வா நுழையணும். அப்பத்தான் பெட்ரோல் சுவரோரமா சுழன்று இறங்கும், காத்து நடுவுல சேர்ந்து மேல போகும். நேரா நடுவுல கொட்டினா நுரை கட்டும், அந்த நுரையையே பம்ப் குடிக்கும்.

ஓவர்ஃப்ளோ உச்சியில, மூடியோட மேடான புள்ளியில. அதுக்கு மேல ஒரு விரல் இடம்கூட விடக்கூடாது, விட்டா காத்து அங்கயே தங்கிடும். எல்லாரும் அலட்சியமா விடுற வாயும் இதுதான். என் முதல் டேங்க்ல நானும் அப்படித்தான் விட்டேன். பழைய வண்டியில சும்மா கிடந்த மெல்லிய ஆவிக் குழாயையே ஓவர்ஃப்ளோவுக்கு வச்சேன். லிஃப்ட் பம்பா போட்டதோ டேங்குக்குள்ள இறக்குற இன்ஜெக்‌ஷன் பம்ப், அது அள்ளிக் கொட்டுது. ஐடில்ல ரெயில் அழுத்தம் 3 இருக்க வேண்டிய இடத்துல 3.6 காட்டுச்சு. ரெகுலேட்டர் கெட்டுப்போச்சுன்னு ரெண்டு நாள் அதையே கழட்டி மாட்டினேன். மூணாவது நாள் டேங்க் மூடியில கையை வச்சப்பதான் தகடு புடைச்சிருந்தது விரலுக்குத் தட்டுப்பட்டுச்சு; மூலை வெல்டிங்ல ஈரம் கசிஞ்சிருந்துச்சு. அது 15 செமீ சதுரப் பெட்டி. 0.6 பார் அழுத்தம் அந்த ஒரு முகத்து மேல மட்டும் 135 கிலோவுக்குக் கிட்ட தள்ளும். பெட்ரோல் இருக்குற பெட்டியில, என் காருக்குள்ள. அன்னைக்கே தூக்கிப்போட்டேன். அதுக்கப்புறம் உருளை மட்டும்தான், ஓவர்ஃப்ளோ எப்பவும் லிஃப்ட் வர்ற குழாயை விட ஒரு சைஸ் பெருசு. மெயின் டேங்கோட காத்துத் துளை திறந்திருக்கான்னும் பாருங்க, அது அடைச்சிருந்தாலும் இதே கதைதான்.

கேள்வி: ரெகுலேட்டர் ரிட்டர்னை மெயின் டேங்குக்கே விட்டா பெட்ரோல் குளிர்ச்சியா இருக்குமே?

இருக்கும். ஆனா அப்படி விட்டா ஹை பிரஷர் பம்ப் தள்றது அத்தனையையும் லிஃப்ட் பம்ப் ஈடுகட்டணும். மணிக்கு 255 லிட்டர் பம்ப்னா நிமிஷத்துக்கு 4 லிட்டருக்கு மேல. 2 லிட்டர் டேங்க் அரை நிமிஷத்துல காலி. ரிட்டர்னை சர்ஜ் டேங்குக்கே விட்டா, எஞ்சின் எரிக்கிற அளவை விடக் கொஞ்சம் அதிகமா லிஃப்ட் பம்ப் கொடுத்தாலே போதும். சூட்டை ஓவர்ஃப்ளோ மெயின் டேங்குக்குக் கொண்டு போயிடும்.

கேள்வி: பானெட்டுக்குள்ள இடம் இருக்கு. அங்க வைக்கலாமா அண்ணா?

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பக்கத்துல பெட்ரோல் டேங்கா? வேண்டவே வேண்டாம். டிக்கியில வைங்க. ஆனா சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவுல தகடு அடிச்சு ஓட்டையெல்லாம் அடைங்க. டேங்கைச் சுத்தியும் ஒரு மூடின பெட்டி செஞ்சு, அதோட அடியில ஒரு வடிகால் குழாயை வண்டிக்குக் கீழ விடுங்க. பெட்ரோல் ஆவி காத்தை விட கனமானது, கீழதான் தேங்கும். வண்டிக்கு அடியில மாட்டணும்னா கல் அடி படாம, எக்ஸாஸ்ட்ல இருந்து தள்ளி மாட்டுங்க.

கேள்வி: அலுமினியமா, ஸ்டீலா?

டிக் வெல்டிங் நல்லா தெரிஞ்ச ஆள் கிடைச்சா 3 மிமீ அலுமினியம். இல்லேன்னா ஸ்டெயின்லெஸ். சாதா ஸ்டீல் உள்ள துரு பிடிக்கும். வெல்டிங் முடிஞ்சதும் உள்ள வெந்நீர் விட்டுக் குலுக்கிக் கழுவி, காய வச்சு, அப்புறம் 0.3 பார் காத்து மட்டும் ஏத்தி சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க. அதுக்கு மேல காத்து ஏத்தாதீங்க. ஒரு தடவை பெட்ரோல் பட்ட டேங்க்ல வெல்டிங் வைக்கவே வைக்காதீங்க, எத்தனை தடவை கழுவியிருந்தாலும்.

கேள்வி: ஹோஸ் எது, டேப் எது?

ஹை பிரஷர் பக்கம் எஸ்ஏஇ ஜே30ஆர்9 எழுதின இன்ஜெக்‌ஷன் ஹோஸ், இல்ல பிடிஎஃப்இ (டெஃப்லான்) ஹோஸ். கார்புரேட்டர் ஹோஸ் பாக்க ஒரே மாதிரி இருக்கும், தாங்காது. பல் வச்ச சாதா கிளாம்ப் ரப்பரை அறுக்கும். உள்பக்கம் வழுவழுன்னு இருக்குற இன்ஜெக்‌ஷன் கிளாம்ப் வாங்குங்க. வெள்ளை டேப்பை எங்கயும் சுத்தாதீங்க, அதோட நூல் பிரிஞ்சு போய் இன்ஜெக்டர்ல சிக்கும். ஹை பிரஷர் பம்புக்கு முன்னாடி 100 மைக்ரான் ஃபில்டர், பின்னாடி 10 மைக்ரான். மாத்திப் போட்டா பம்ப் உறிஞ்ச முடியாம அலறும்.

கேள்வி: ஓடுறப்ப லிஃப்ட் பம்ப் செத்துட்டா எனக்கு எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி, யாரும் கேக்க மாட்டாங்க. தெரியவே தெரியாது. டேங்க்ல இருக்குற 2 லிட்டர்ல எஞ்சின் ஒண்ணும் நடக்காத மாதிரி ஓடும், அப்புறம் முழு லோட்ல திடீர்னு காயும். அதனால சர்ஜ் டேங்க் வச்ச வண்டிக்கு பிரஷர் சென்சர் கட்டாயம்னே நான் சொல்வேன். அழுத்தம் விழுந்தா ஈசியூவே எஞ்சினை வெட்டுற மாதிரி செட் பண்ணுங்க. ரெண்டு பம்புக்கும் தனித்தனி ரிலே, தனித்தனி ஃபியூஸ். ரெண்டு ரிலேயையும் ஈசியூதான் ஓட்டணும், சாவி நேரா ஓட்டக்கூடாது. மோதி எஞ்சின் நின்ன பிறகும் பம்ப் ஓடிக்கிட்டிருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. மோதினா பம்புக்குப் போற கரண்டைத் தானா வெட்டுற இனர்ஷியா சுவிட்சும் ஒண்ணு சேர்த்துடுங்க.

கேள்வி: என் எல்எஸ் (ஜிஎம் கம்பெனியோட வி8) எஞ்சின் ரெயில்ல ரிட்டர்ன் வாயே இல்லை.

பிரச்சனையில்லை. ரெகுலேட்டரை சர்ஜ் டேங்க் பக்கத்துலயே வச்சு, ரிட்டர்னை அங்கயே முடிச்சு, எஞ்சினுக்கு ஒரே லைன் விடுங்க. சி5 கார்வெட் காரோட ஃபில்டரும் ரெகுலேட்டரும் சேர்ந்த யூனிட் 58 பிஎஸ்ஐயில, அதாவது 4 பார்ல, இதே வேலையைச் செய்யும். பெட்ரோல் சூட்டு ரெயில் வரைக்கும் போய்த் திரும்பாததால எனக்கு இந்த அமைப்பு ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: தினமும் வீட்டுக்கும் வேலைக்கும் போற வண்டி. எனக்கு இதெல்லாம் தேவையா அண்ணா?

தேவையில்லை தம்பி. மெயின் டேங்கை இறக்கி, பம்பைச் சுத்தி வாளி வச்ச இன்-டேங்க் யூனிட் ஒண்ணைப் பொருத்துங்க. சத்தம் குறைவு, டிக்கியில பெட்ரோல் இல்லை, ஒரே பம்ப். டேங்கைத் தொட முடியாத வண்டிக்கும், ட்ராக்ல நீளமான வளைவு எடுக்குற வண்டிக்கும்தான் சர்ஜ் டேங்க்.

கேள்வி: எல்லாம் மாட்டியாச்சு. முதல் தடவை எப்படி ஸ்டார்ட் பண்ணணும்?

ஹை பிரஷர் பம்போட ஃபியூஸை முதல்ல கழட்டிடுங்க, அது காய்ஞ்சு ஓடக்கூடாது. லிஃப்ட் பம்பை மட்டும் ஓட்டுங்க. மெயின் டேங்க் மூடியைத் திறந்து காதை வைங்க. முதல்ல வெறும் காத்துச் சத்தம், அப்புறம் குளுக் குளுக்குனு விட்டு விட்டு, அப்புறம் ஒரே சீரா பெட்ரோல் விழுற சத்தம் கேக்கும். அப்ப ஓவர்ஃப்ளோ ஹோஸைத் தொட்டா சில்லுனு இருக்கும். நிறுத்திட்டு, டார்ச் வச்சு ஒவ்வொரு இணைப்பையும் சுத்திப் பாருங்க, அடியில வெள்ளைப் பேப்பரால ஒத்தி எடுங்க. பேப்பர் காய்ஞ்சு இருந்தா மூடியை மூடிட்டு ஃபியூஸைப் போடுங்க. சாவியை ரெண்டு மூணு தடவை ஆன் பண்ணி ஆஃப் பண்ணி ரெயிலை நிரப்பி, அழுத்தம் நிக்குதான்னு பாருங்க. அதே பேப்பரால ஹை பிரஷர் பக்கத்தையும் ஒரு தடவை ஒத்திட்டு, அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க.