பட்டா மனைவி பெயரில், சம்பளம் அரசாங்கத்தில்: கிசான் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டுமா?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். அடுத்த ஆண்டு ஓய்வு. என் மாமனார் மகளுக்கு எழுதிக்கொடுத்த ஒன்றரை ஏக்கருக்குப் பட்டா மனைவி பெயரில் மட்டும்தான். விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகையான பி.எம். கிசானில் 13 தவணை வந்தது. இப்போது 26,000 ரூபாயைத் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ். பதிந்து கொடுத்ததே வேளாண்மை அலுவலகத்தார்தான். ஊரில் பத்து ஏக்கர்காரர்கூட வாங்குகிறார். வழக்குப் போடலாமா?

பதில்: நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள் ஐயா. சட்டத்துக்கு வேண்டியது ஒரே வரிதான், நீங்கள் அரசுச் சம்பளம் வாங்குகிறவர். இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள். அதில் ஒருவர் அரசு ஊழியர் என்றாலே குடும்பத்துக்கே கிடையாது, பட்டா யார் பெயரில் இருந்தாலும் சரி. கடைநிலை ஊழியருக்கு மட்டும் விலக்கு உண்டு, ஆசிரியருக்கு இல்லை. பத்து ஏக்கர்காரர் வாங்குவதில் தப்பே இல்லை, 2 ஹெக்டேர் (சுமார் ஐந்து ஏக்கர்) வரம்பை 2019லேயே எடுத்துவிட்டார்கள். படிவத்தை யார் நிரப்பினால் என்ன, கையெழுத்து உங்கள் வீட்டம்மாவுடையது.

கட்டிவிடுங்கள். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட ஆகும் செலவு 26,000ஐத் தாண்டிவிடும்.

எனக்குப் பயம் பணத்தைப் பற்றி இல்லை, நோட்டீஸுக்கு நீங்கள் எழுதப்போகும் பதிலைப் பற்றித்தான். இப்படி வருகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் வருவதற்கு முன்பே "என் மனைவி எனக்குத் தெரியாமல் வாங்கிவிட்டார்" என்று உணர்ச்சிவசப்பட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வருவார்கள், பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தால் அது இரண்டு பேர் பெயரிலும் இருக்கிற கணக்காக இருக்கும், தெரியாது என்றது நிற்காது. அந்தக் கடிதம் வேளாண்மை அலுவலகத்தோடு நிற்காது. உங்கள் துறைக்குப் போனால் 17(பி) குற்றச்சாட்டுக்கு, அதாவது பெரிய தண்டனைக்கான துறை ஒழுங்கு நடவடிக்கைக்கு, அதுவே ஆவணம். ஓய்வு பெறும் நாளில் 17(பி) நிலுவையில் இருந்தால் தற்காலிக ஓய்வூதியம்தான் வரும், பணிக்கொடை விசாரணை முடிகிறவரை நிற்கும். 26,000க்காக லட்சங்களை நிறுத்திவைத்துக்கொண்டு அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு கூத்தும் உண்டு. மேஜரான மகன் பெயருக்கு நிலத்தை எழுதிவைத்துவிட்டுத் தொடர்ந்து வாங்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். 1.2.2019ல் நிலம் யார் பெயரில் இருந்தது என்பதுதான் கணக்கு, பிறகு கைமாறியதில் வாரிசுரிமையாக வந்ததற்கு மட்டுமே விதிவிலக்கு. பழைய தேதி போட்டு ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் தயார் செய்தால் அது வேறு கேஸ், அதற்கு நான் வர மாட்டேன். 2020ல் கள்ளக்குறிச்சி, கடலூர்ப் பக்கம் போலிப் பதிவுகள் பிடிபட்டு சிபிசிஐடி வரை போனது உங்களுக்கும் நினைவிருக்கும். அதன் பிறகு இந்த விஷயத்தில் அதிகாரிகள் யாரும் தட்டிக்கொடுத்து அனுப்புவதில்லை.

அதனால் பதில் இரண்டு வரி போதும்: நோட்டீஸ் கிடைத்தது, தொகை முழுவதையும் இன்ன தேதியில் செலுத்திவிட்டேன், ரசீது இணைப்பு. மனைவி கையெழுத்துப் போடட்டும், உங்கள் பெயரே அதில் வேண்டாம். அப்புறம், இனி தவணை வராதபடி பெயரை நீக்கச் சொல்லித் தனி மனு கொடுத்து முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பலர் பணத்தைக் கட்டிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள், நாலு மாதம் கழித்து மறுபடியும் 2,000 வந்து விழுகிறது.