கல்லில் படியும் பாசி சொல்லும் சாட்சி

கேள்வி: விருஷபாவதி ஆற்றை ஒட்டி வசிக்கிறோம். நீரின் மாசை அறிய அதிலுள்ள பாசிகளையும் ஆராய்வது எதற்காக?
– வாசகி ஒருவர், கெங்கேரி, பெங்களூரு

பதில்: புட்டியில் பிடித்த நீர், பிடித்த நேரத்து நிலையை மட்டுமே காட்டும், நள்ளிரவில் கழிவைத் திறந்துவிட்டு விடிவதற்குள் நீர் ஓரளவு தெளிந்துவிட்டால், காலைச் சோதனையில் அது தப்பிவிடக்கூடும். கல்லில் ஒட்டி வளரும் பாசியோ இடம்பெயராமல் பல நாட்களின் நீரை ஏற்று வளர்வதால், எந்த இனங்கள் தழைத்தன, எவை மறைந்தன என்பதே அந்த நாட்களின் பதிவாகிறது.

1969-இல் பாமர் என்ற ஆய்வாளர், கழிவைத் தாங்கும் 20 பாசிப் பேரினங்களுக்கு (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதியே பேரினம்) 1 முதல் 5 வரை மதிப்பெண் அளித்தார். யூக்ளினாவுக்கும் ஆசிலட்டோரியாவுக்கும் 5. ஒரு மாதிரியில் போதிய எண்ணிக்கையில் காணப்படும் பேரினங்களின் மதிப்பெண்களைக் கூட்டி, 20 அல்லது அதற்கு மேல் வந்தால், அந்த நீரில் கரிமக் கழிவு மிகுதி என்று கொள்வார்கள்.

ஆனால் ஒரே பேரினத்தில் கழிவைத் தாங்கும் இனமும் தாங்காத இனமும் இருப்பதால், சிலிக்கா ஓடு கொண்ட ஒருசெல் பாசிகளான டயாட்டம்களை இனவாரியாகப் பிரித்தறிவதே மேலானது என்பேன். கல்லைப் பல்துலக்கியால் தேய்த்துப் பாசியை எடுத்து, ஆய்வகத்தில் அமிலத்தால் உயிர்ப்பொருளை நீக்கினால், அவற்றின் சிலிக்கா ஓடுகள் மட்டும் எஞ்சும். ஓட்டின் நுண்கோடுகளை நுண்ணோக்கியில் கண்டு இனத்தைக் கண்டறியலாம். சாக்கடை நீரில் பெருகும் நிட்சியா பேலியா என்ற டயாட்டம் இனம் இவ்வாறு புலப்படுவதே.

உங்கள் ஆற்றில் தொழிற்சாலைக் கழிவும் கலப்பதால், குரோமியம், ஈயம் போன்றவற்றின் அளவை அறிய வேதிப் பகுப்பாய்வும் கட்டாயம் தேவை. கையுறையின்றி அந்த நீரைத் தொட வேண்டாம்.