காக்கா பிடிக்காமல் ஆசிரியர்களிடம் நல்ல பெயர் வாங்க முடியுமா?

பொறியியல் இரண்டாம் ஆண்டு, ஸ்டாஃப் ரூம் பக்கம் போகவே பயம், போய்ப் பேசினால் காக்கா பிடிக்கிறான் என்று பசங்க ஓட்டுகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறவன், அதனால் எங்கள் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன்.

காக்கா பிடிக்கிறவர்களை எங்களுக்கு நன்றாகவே தெரியும். பிறந்தநாளுக்குக் கேக், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எது போட்டாலும் உடனே ஒரு இதயம். இதில் மயங்குகிறவர்களும் எங்களில் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு மனதில் நிற்பது, தானே முயன்று பார்த்துவிட்டு வருகிற மாணவர்தான். "சார், மூணாவது யூனிட்டே புரியல" என்றால் நான் என்ன செய்ய முடியும், யூனிட் முழுவதையும் மறுபடி நடத்தவா? அதே ஆள் நோட்டோடு வந்து "இந்த ஸ்டெப் வரைக்கும் வந்துட்டேன், அடுத்ததுல மைனஸ் எப்படி வந்துச்சுன்னு தெரியல" என்று கேட்டால் ரெண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும், பெயரும் நினைவில் இருக்கும். அப்புறம் ஒரு நாள் வழியில் பார்க்கும்போது "அந்தக் கணக்கு வந்துடுச்சு சார்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அதை அநேகமாக யாருமே சொல்வதில்லை.

அடுத்த வகுப்புக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது வராண்டாவில் மறித்தால் அரைகுறை பதில்தான் கிடைக்கும், அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃப்ரீ ஹவர் எது என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். மெசேஜ் அனுப்புவதாக இருந்தால் இரவு பதினொன்றரைக்கு "ஹாய் சார்" என்று போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். பெயர், பிரிவு, ரெஜிஸ்டர் நம்பர், என்ன விஷயம், எல்லாம் ஒரே மெசேஜில் பகலிலேயே வந்துவிட்டால் பதிலும் ஒரே மெசேஜில் வரும்.

மார்க் விஷயம்தான் அதிகம் சண்டையில் முடிவது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன் என்கிற விதிகளில் தியரி பாடத்துக்குக் கல்லூரியிலேயே போடுகிற இன்டர்னல் மார்க்கே நூற்றுக்கு 40, மீதி 60தான் செமஸ்டர் தேர்வு, அதனால் பதறுவது நியாயம்தான். ஆனால் "ரெண்டு மார்க் போட்டு விடுங்க சார்" என்று கேட்டால் எனக்கு இல்லை என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. பேப்பரை விரித்து "இந்தக் கேள்விக்கு எங்கே குறைச்சீங்க?" என்று கேளுங்கள். கூட்டலில் தவறியிருப்போம், கடைசிப் பக்கத்தைத் திருத்தாமலே விட்டிருப்போம், இதெல்லாம் நடக்கிறதுதான். அட்டெண்டன்ஸும் அப்படித்தான். வீட்டில் பிரச்சினை, உடம்பு சரியில்லை என்றால் அந்த வாரமே கிளாஸ் அட்வைசரிடம் சொல்லிவிடுங்கள், 75 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்கள் லிஸ்ட் ஒட்டிய பிறகு வந்து நின்றால் அவர் கையில் பெரிதாக ஒன்றும் இருக்காது.

ஒருவர் வேகமாக நடத்துகிறார், போர்டில் எழுதுவதே இல்லை என்பது மாதிரிக் குறைகளைத் தனியாகப் போய்ச் சொல்லத் தயக்கமாக இருந்தால், வகுப்பு ஆசிரியர்களும் மாணவப் பிரதிநிதிகளும் உட்கார்ந்து பேசுகிற வகுப்புக் குழுக் கூட்டம் இருக்கிறது. அதன் தலைவர் உங்கள் வகுப்புக்குப் பாடம் எடுக்காதவராக இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. பல கல்லூரிகளில் இதை டீயும் பிஸ்கட்டுமாக முடித்துவிடுகிறார்கள், ஆனாலும் பிரதிநிதியாகப் போகிறவரிடம் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

மேலே சொன்னதெல்லாம் சாதாரண ஆசிரியர்களுக்கு. தப்பான நோக்கத்தோடு மெசேஜ் அனுப்புகிறவர், தனியாக வரச் சொல்லித் தொல்லை கொடுக்கிறவர் என்றால் உறவு, மரியாதை எதையும் பார்க்க வேண்டாம், நேராகக் கல்லூரியின் உள் புகார் குழுவிடம் போங்கள்.

கடைசி வருடத்தில் மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால் மூன்று வாரமாவது முன்னால் கேளுங்கள், மார்க் ஷீட்டும் ப்ராஜெக்டில் நீங்கள் தனியாகச் செய்த பகுதி எது என்பதும் ஒரு பக்கத்தில் இருக்கட்டும். நாளைக்கே வேண்டும் என்று வருகிறவருக்குப் போன வருடக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கிறவர்கள் எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே இருக்கிறார்கள்.