கச்சான் சங்கமும் மகளின் படிப்பும்

முல்லைத்தீவு ஒட்டுசுட்டானில் இருந்து கதைத்த அக்காவுக்கு,

நீங்கள் தொலைபேசியில் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. "சங்கத்தில கச்சான் நிறுக்கவோ தம்பி இவளை ஏ.எல். வரைக்கும் படிப்பிச்சனான்?" மகள் உயர்தரத்தில் (ஏ.எல்.) வர்த்தகப் பிரிவில் இரண்டு B-யும் ஒரு C-யும் எடுத்திருக்கிறாள். ஊர்ப் பெண்கள் நடத்தும் கூட்டுறவுச் சங்கத்தில் வேலைக்குச் சேரப்போகிறேன் என்று நிற்கிறாள். உங்களுக்கு வங்கி, இல்லாவிட்டால் அரசாங்க உத்தியோகம்.

அரசாங்க உத்தியோகத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 2017இல் யாழ்ப்பாணத்தில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரம் இருந்ததை நீங்களும் பார்த்தீர்கள். பட்டத்தோடு கந்தோர்க் கதிரையும் சேர்ந்து வரும் என்ற காலம் போய்விட்டது.

சங்கத்துக்கு வருவோம். முல்லைத்தீவுக் கச்சானுக்கு, அதாவது நிலக்கடலைக்கு, எவ்வளவு பெயர்! ஆனால் அது மூட்டையாக வெளியூர் வியாபாரியின் லொறியில் ஏறிவிடுகிறது. வறுத்து, பையில் அடைத்து வரும் லாபம் அவருக்கு. நெல்லும் அப்படித்தான். வெட்டின கையோடு ஈரநெல்லாக விற்றுவிட்டு, பிறகு தெற்கில் குற்றின அரிசியைக் கடையில் வாங்கிச் சமைக்கிறோம். 14 சதவீத ஈரப்பதத்துக்குக் காயவிட்டு இரண்டு மாதம் வைத்திருந்தால் விலை வேறு. அதற்குத் தளம் வேண்டும், களஞ்சியம் வேண்டும், அதுவரை வீட்டுச் செலவுக்குக் காசும் வேண்டும். அந்தக் காசு இல்லாத வீட்டு வாசலில்தான் நுண்கடன் கொம்பனிக்காரர் கிழமைக்கொரு தரம் வந்து நிற்கிறார், உங்களுக்குத் தெரியாததல்ல. தனிக்குடும்பத்தால் முடியாததை முப்பது குடும்பம் பங்குப்பணம் போட்டுச் செய்யலாம் என்பதுதான் கூட்டுறவு. பங்கு அதிகம் வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குத்தான்.

சரி, பிறகு ஏன் இத்தனை சங்கங்கள் படுத்துவிட்டன? யுத்தம் முடிந்த கையோடு வன்னிக்கு வந்த உதவித் திட்டங்களில் ஒன்றை நான் கிட்ட இருந்து பார்த்தேன். ஊர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். மிளகாய் அரைக்கும் மெஷின் கொடுத்தார்கள், கட்டடமும் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் போனால் மெஷின் தறப்பாளுக்குக் கீழே கிடந்தது. பேரேட்டை வாங்கிப் பார்த்தேன். கடைசிப் பதிவு, திட்ட உத்தியோகத்தர் கடைசியாக வந்துபோன திகதி! அந்தப் பெண்களுக்கு வறுக்கத் தெரியும், அரைக்கத் தெரியும், வியாபாரியோடு மல்லுக்கட்டவும் தெரியும். ஒரு கிலோத் தூளுக்கு மின்சாரம் எவ்வளவு, பை எவ்வளவு, காய்ந்து குறைகிற நிறை எவ்வளவு என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. கிரயத்துக்கு, அதாவது உற்பத்திச் செலவுக்கு, கீழே விற்றுக்கொண்டிருந்திருக்கிறார்கள். மின்பட்டியல் குவிந்த பிறகுதான் விளங்கியது.

ஆகவே மகளிடம் சொல்லுங்கள்: நல்ல மனசுக்காரர் சங்கத்தில் ஏற்கெனவே நிறையப் பேர். கிரயம் பார்க்க, சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகை தயாரிக்க, பையில் ஒட்டும் லேபலில் நிறையும் உற்பத்தித் திகதியும் காலாவதித் திகதியும் சரியாகப் போட ஒரு ஆள்தான் இல்லை. அந்த ஆளாகப் போவதென்றால் ஏ.எல். கணக்கீடு மட்டும் காணாது.

வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. அங்கே வியாபாரக் கற்கைகள் பீடத்தில் திட்ட முகாமைத்துவம் படிக்கலாம். இவளுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி. அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்ட அடிப்படை, மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவும் அதற்குள் வரும். கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கிடைக்காவிட்டால் வீட்டில் இருந்தபடியே ஏ.ஏ.ரி. என்ற கணக்கீட்டுத் தொழில்முறைப் படிப்பைப் படிக்கலாம். கணக்கு அலுத்துவிட்டது, உற்பத்திதான் பிடிக்கும் என்றாள் என்றால், கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் உணவுத் தொழில்நுட்பம் இருக்கிறதே, அதையும் விசாரியுங்கள்.

எது சரிவந்தாலும், பல்கலைக்கழகம் கூப்பிடும் வரை மாதக்கணக்கில் வீட்டில்தானே இருக்கப்போகிறாள்? அந்த இடைவெளியில் சங்கத்துக்குப் போகட்டும். அம்மாவும் மகளும் சண்டைபிடித்த கெதியில் இதை யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் சும்மா போக விட வேண்டாம். "எங்கட பிள்ளைதானே" என்று சம்பளமில்லாமல் வேலை வாங்குவது நம் ஊர்ப் பழக்கம். சம்பளத்தைக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். சிறிய தொகையாக இருக்கும், அதை மறைக்க மாட்டேன். ஊழியர் சேமலாப நிதிக்குச் சங்கம் 12, மகள் 8 சதவீதம் கட்ட வேண்டும். கட்டுகிறார்களா என்று கேளுங்கள், அதில் வெட்கம் வேண்டாம். கடைசிப் பொதுச்சபைக் கூட்டம் எப்போது, கணக்காய்வு எந்த வருடம் வரை முடிந்தது, காசோலையில் யார் யார் கையெழுத்து என்றும் கேட்கட்டும். தலைவி முகம் சுளித்தால் அதுவே பதில்.

அடுத்த கிழமை இரண்டு பேரும் வாருங்கள். அனுமதிக் கைநூல் என்னிடம் இருக்கிறது. மகள் சங்கத்தின் கடைசி ஐந்தொகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வரட்டும். மூன்று பேரும் இருந்து வாசிப்போம்.