'நைட்ஸ் இன் ஒயிட் சாட்டின்' பாட்டில் கேட்பது நிஜ வயலின்களா? அதை வாசித்த மைக் பிண்டர் யார்?

வயலின் இல்லை, மெல்லோட்ரான்: டேப்பில் பதிந்துவைத்த வாத்திய ஓசையை வாசிக்கும் கீபோர்டு. பிரிட்டிஷ் ராக் குழு மூடி ப்ளூஸின் 'டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்' (1967) ஆல்பத்தில் பீட்டர் நைட் நடத்திய ஆர்கெஸ்ட்ரா இருப்பதால் பலரும் குழம்புகிறார்கள். அந்த ஆர்கெஸ்ட்ரா பெரும்பாலும் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வருகிறது. பாட்டுக்குள் குரலுக்குப் பின்னால் எழும்பும் தந்தி ஓசை, குழுவின் கீபோர்டு கலைஞர் பிண்டர் கையிலிருந்து வருவது.

பிண்டர் 1941-ல் பர்மிங்காமில் பிறந்தவர். குழு தொடங்கும் முன் (1964), மெல்லோட்ரான் தயாரித்த ஸ்ட்ரீட்லி எலெக்ட்ரானிக்ஸில் சுமார் ஒன்றரை வருடம் கருவிகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தார். அவர் வாசிப்பின் ரகசியம் பாதி இங்கேதான்.

மெல்லோட்ரானில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் தனித்தனி டேப். கட்டையை அழுத்தினால் டேப், பதிவைப் படிக்கும் ஹெட்டில் போய் ஒட்டும், சுழன்றுகொண்டே இருக்கும் தண்டு அதை இழுக்கும், பதிவான வயலின் கேட்கும். டேப் வட்டமாக ஓடாது, துண்டு டேப்தான். எட்டு விநாடியில் தீர்ந்துவிடும், சத்தம் நின்றுவிடும். விரலை எடுத்தால்தான் பின்னால் போய் ஆரம்பத்துக்கு வரும். அதனால் நீண்ட கார்டு (சேர்ந்து ஒலிக்கும் பல ஸ்வரங்கள்) வேண்டுமென்றால் எல்லா விரலையும் ஒன்றாக எடுக்கக் கூடாது. ஒன்றை விட்டு ஒன்றை, சிலந்தி நடப்பதுபோல மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். நிறைய கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் மோட்டாருக்குச் சுமை ஏறி ஸ்ருதி இறங்கும், அது வேறு தலைவலி.

அவரிடம் இருந்த மார்க் 2 மாடல் மெல்லோட்ரானில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீபோர்டு, ஒவ்வொன்றிலும் 35 கட்டை. இடது பக்கம் தாளமும் பக்கவாத்தியமும். வீட்டு வரவேற்பறைக்கு ஏற்ற சமாசாரம். பிண்டர் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு வலது பக்கத்து தந்தி, பித்தளை ஊதுகருவி ஓசைகளையே இடதிலும் போட்டார். வேகத்தை மாற்றும் திருகை வாசிக்கும்போதே அசைத்து ஸ்ருதியை வழுக்கவிட்டார். நிஜ வயலின் போலத் தோன்றுவதற்கு இந்த வழுக்கல் பெரிய காரணம் என்பேன். பீட்டில்ஸுக்கு இந்தக் கருவியை அறிமுகப்படுத்தியவரும் அவரே.

1972-ன் 'செவன்த் சோஜர்ன்' ஆல்பத்துக்கு சேம்பர்லினுக்கு மாறினார். மெல்லோட்ரானுக்கு மூலமான அமெரிக்கக் கருவி அது. 1978-ல் 'ஆக்டேவ்' முடிந்ததும் விலகி கலிஃபோர்னியாவில் தங்கிவிட்டார். தனி ஆல்பங்கள் சில உண்டு. குழுவில் செய்ததன் பக்கத்தில் நிற்காது. 2024 ஏப்ரலில், 82 வயதில் இறந்தார்.

மெல்லோட்ரானை மேடையில் நம்ப முடியாது. குழுவின் முதல் அமெரிக்கக் கச்சேரியில் பின்கதவு திறந்து டேப் எல்லாம் வெளியே கொட்டிவிட்டது என்று பிண்டரே சொல்லியிருக்கிறார். கூட்டத்துக்குக் கார்ட்டூன் படம் போட்டுக் காட்டினார்களாம். அவர் கருவிப்பெட்டியோடு உட்கார்ந்து இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டு வாசித்தார்.